வலப்பக்கம்

திரியெஸ்தே நாளிதழில் ஒரே மேசை:
பகலில் ஒர்னெல்லா, இரவில் ஸ்தென்கோ.

அவளுக்கு ஒற்றைப் பொத்தான் மவுஸ்.
'ஆம் என்று சொல்ல
எத்தனை வாய் வேண்டும்?' என்பாள்.

மூன்று பொத்தான்காரன் அவன்.
கோட்டுப் பைக்குள் கொண்டுவருவான்,
வால் வெளியே தொங்க.

நேற்று மறந்துவிட்டான்.
அச்சுக்கு இன்னும் அரைமணி.
கைப்பழக்கம்: வலப்பக்கம் அழுத்துகிறான்.
முதுகு மொத்தமும் இறங்குகிறது;
பட்டியல் விரியவில்லை.
மறுபடி,
ஒரு கெட்ட வார்த்தையோடு.

பிறகுதான் விளக்கடியில் பார்த்தான்.
எங்கே தொட்டாலும் ஒன்றுதான் அதில்,
ஆனாலும் அவள் தேய்த்துப் பளபளப்பாக்கியது
இடது ஓரத்தை மட்டும்.
வலப்பாதி
பெட்டியைப் பிரித்த நாள்போல் இருந்தது.

காலையில் அங்கே ஒரு மைரேகை.
ஒர்னெல்லா முகம் சுளித்தாள்,
துடைத்தாள்,
இடது ஓரத்தில் விரல் வைத்தாள்.