இருபத்திரண்டு பதினெட்டு, லின்னெட் தெரு

பல் துலக்கும்போது சொல்ல வைத்தேன்.
ஷூ நாடா கட்டும்போது.
பஸ் மாறுகிற நிறுத்தத்தில், ஏரிக்காற்றில்,
வாயிலிருந்து ஆவி பறக்கப் பறக்க:
இருபத்திரண்டு பதினெட்டு, லின்னெட் தெரு.
இரண்டாம் வாய்ப்பாடு வருவதற்கு முன்பே
கீயானாவுக்கு அது வந்துவிட்டது.

எங்கள் தெருவின் பெயரை
அவள் நாக்கிலிருந்து எடுத்தேன்,
மீனிலிருந்து முள் எடுப்பதுபோல.

கிளீவ்லேண்டில் எங்கள் பக்கத்துப் பள்ளியில்
ஒரே வகுப்புக்கு ஒரே ஆண்டில்
மூன்று டீச்சர்கள் வந்து போனார்கள்.
குழாயில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: குடிக்காதீர்கள்.
லின்னெட் தெருப் பள்ளியில் வயலின் இருந்தது,
சின்னத் தோளுக்கென்றே செய்த
கால்வாசி வயலின்.
இடையில் ஓர் ஆறு. ஒரு பாலம்.

எல்மர் நோவோட்னியின் வீடு அது.
வாரம் ஐந்து நாள் அவர் காலுக்குக் கட்டு மாற்றுகிறேன்.
இரண்டு விரல்களைச் சர்க்கரை தின்றுவிட்டது.
"இவர்கள் என்னோடு வசிக்கிறார்கள்" என்று
நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார்.
பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை
கூலியில்லாமல் இரண்டு மணி நேரம்.
அவர் கேட்டார். நான் பேரம் பேசவில்லை.
மகளின் படத்தை நீட்டினேன்.
கண்ணாடியைத் தேடவில்லை அவர்.

போன மாதம் டார்லா பிரிங்கிளின் மகனை
ஒரு சாம்பல் நிறக் கார்
மூன்று விடியல்கள் பின்தொடர்ந்தது.
கையும் களவுமாகப் புகைப்படங்கள்,
ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி, நேரம்.
கடிதத்தில் திருட்டு என்று எழுதியிருந்தது.
அந்தப் பையனிடம் எடுத்துப் பார்த்தால்
பின்னம் கூட்டத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

பிப்ரவரி, ஒரு வியாழன்.
பனிப்புயல் வருகிறதென்று
மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள்.
என் போன் வேலையிடத்து லாக்கரில்.
தனியாக பஸ் ஏறியவள் தூங்கிப்போய்
கடைசி நிறுத்தத்தில் கண் விழித்திருக்கிறாள்.
பெண் போலீஸ் ஒருத்தி குனிந்து கேட்டாள்:
உன் வீடு எங்கேம்மா?

அழவில்லையாம்.
பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாளாம்.

ஒருநாளும் அவள் உறங்காத வீட்டின்
அழைப்புமணியை
போலீஸ்காரி அழுத்தியபோது
நான் நிறுத்தம் நிறுத்தமாக ஓடிக்கொண்டிருந்தேன்.
அவசர எண்ணை மூன்று முறை அழுத்தினேன்,
மூன்று முறையும் துண்டித்தேன்.
முகவரி கேட்பார்களே.
சொல்லவே நாக் கூசுகிறது:
பிள்ளையைத் தொலைத்த அந்த நேரத்திலும்
எந்த வீட்டுப் பிள்ளையைத் தொலைத்தேன் என்று
கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

எல்மர் கதவுக்கு வர நான்கு நிமிடம் ஆகும்.
அந்த ஊன்றுகோலின் வேகம் எனக்குத் தெரியும்.
திறந்தால் சீருடை. அதன் பக்கத்தில்
அவர் பார்த்தேயிராத ஒரு கறுப்புச் சிறுமி.
இவள் இங்கேயா வசிக்கிறாள்?
அவர் போலீஸைப் பார்த்தாராம்.
கீயானாவைப் பார்த்தாராம்.
பிறகு அவளைத்தான் திட்டினாராம்:
"தொப்பி எங்கே? எத்தனை தடவை சொல்வது?"

நான் மூச்சிரைக்கப் போய் நின்றபோது
சமையலறை மேசையில்
தக்காளி சூப், இரண்டு கிண்ணம்.
என்னைப் பார்க்காமலே சொன்னார்:
ஞாயிறு இனி மூன்று மணி நேரம்.
சரி என்றேன்.

திரும்பும் பஸ்ஸில், பாலத்தின் மேல்,
கீயானா என் காதில் கேட்டாள்:
"எங்கே படுப்பேன்னு அந்த போலீஸ் ஆன்ட்டி கேட்டாங்க.
ஜன்னல் பக்கம்னு சொல்லிட்டேன்.
அங்கே ஜன்னல் இருக்காம்மா?"

இருக்கிறது.
பூட்டியே கிடக்கும் அறை,
உள்ளே தையல் மெஷின், அட்டைப்பெட்டிகள்.
ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்றாவது மணியில்
அதை ஒழிக்க வேண்டும்.
ஒரு கட்டில். ஒரு போர்வை, பாதி விலகினாற்போல.
ஒரு தலையணை,
நடுவில் தலை அழுந்திய பள்ளத்தோடு.