பதினோராயிரம் அடி

கொண்டித்தோப்புப் பட்டறையில்
காஸ்டிக் தொட்டிக்கு அந்தப் பக்கம் தேசம்மாள்,
இந்தப் பக்கம் நான்.
எடைக்கு வாங்கிய பழைய ரீல்களைச்
சுருள் பிரித்து முக்குவோம்.
படம் கரைந்து வண்டலாகும்.
வண்டலைச் சுட்டால் வெள்ளி.

மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னாள்,
அதுவும் நான் பீடிக்குக் குச்சி உரசிக்
கன்னத்தில் ஓர் அடி வாங்கிய பிறகு:
"ஒரு பொறி போதும்டா, பட்டறையே போயிடும்.
இதுக்குள்ள இருந்தவ நான்."

மிஸ் அபரஞ்சி.
பெயர் கம்பெனி வைத்தது.
தேசம்மாள் என்றால் நோட்டீஸில் எடுபடாதாம்.

நாற்பத்திரண்டு, ஏப்ரல்.
ஜப்பான்காரன் வருகிறானென்று
பாதிப் பட்டணம் மூட்டை கட்டியது.
கதாநாயகி சேலத்துக்கு ரயிலேறினாள்.
ராயபுரத்திலிருந்து டிராமில் வந்தவள்
அவள் கழற்றிப்போட்ட சலங்கைக்குள்
துணி திணித்துக் கட்டிக்கொண்டாள்.
ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம்.
சங்கு ஊதினால் விளக்கு அணையும்.
"இருட்டுல அப்படியே நிப்பேன்.
வெளிச்சம் வந்தா
விட்ட ஜதியிலேர்ந்து எடுக்கணும்ல?"

அப்புறம் சர்க்கார் உத்தரவு:
பிலிம் தட்டுப்பாடு,
பதினோராயிரம் அடிக்கு மேல் படம் கூடாது.
கதை அடி கேட்டது.
வசனம் அடி கேட்டது.
பாகவதர் ஒரு சரணத்தையும் விடவில்லை.
ஐந்நூறு அடி குறத்தி நடனத்தில்
மிஞ்சியது அறுபது.
மின்ட் தெருக் கொட்டகையில்
முறுக்குக்காரன் பக்கம் திரும்பினால் போச்சு.

சண்டை முடிந்தது. கதாநாயகி திரும்பினாள்.
இவளுக்குத் தோழி வேஷம்,
பிறகு தோழிக்குப் பின்னால் குடம் தூக்கும் வேஷம்,
பிறகு கம்பெனி வேன்
கல்மண்டபத்தோடு திரும்பிப் போனது.

ஒரு மழைநாள். லேபிள் உரிந்த டப்பா.
சுருளை பல்புக்கு எதிரே பிடித்தவள்
பிடித்தபடியே இருந்தாள்.
முகத்தைத் தேடுவாள் என்று நினைத்தேன்.
காலைப் பார்த்தாள்.
கட்டம் கட்டமாகக் கட்டைவிரலால் தள்ளி.

"இடது கால் லேட்டு.
வெட்டினவன் இதைப் போய் வச்சிருக்கான் பாரு.
ஒழுங்கா ஆடுனதெல்லாம் குப்பைக்குப் போச்சு."

தொட்டியில் விட்டாள்.
கட்டையால் ஒரு கலக்கு.

கழுவிய வெறும் பிலிமைக் கொடியில் போட்டேன்.
அதன் வழியே எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது,
அதில் காய்ந்த வறட்டி தெரிந்தது.

ஆறு மணிக்குக் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.
பழைய ஜெயில் ரோட்டில்
டிராம் நின்றுபோன தண்டவாளத்தைத் தாண்டும்போது
இடது காலை முன்னால் வைத்தாள்,
கொஞ்சம் சீக்கிரமாகவே.