கோணம்

ஜெலுகோர். இரவு ஒன்பது தாண்டிவிட்டது.
செம்பனை எண்ணெய் தின்று கொழுத்த பாக்டீரியாக்கள்
பஞ்சத்துக்கென்று பதுக்கியதை
குளோரோஃபார்மில் கரைத்து வழித்தெடுத்தோம்.
பஞ்சத்துக்கு முன்னால் நாங்கள் வந்துவிட்டோம்.

காய்ந்த படலம் அப்பளம்.
வளைத்தால் முறியும். துளி நீர் விட்டால்
விருந்தாளி மாதிரி விளிம்பில் குந்தும்.
எழுபத்தெட்டு பாகை, எழுதிக்கொண்டேன்.

காரத்தில் ஊறவை, ஒரு மணி நேரம்.
நான்கு என்றாள் ஹுய் ஷின்.
நான்கில் அது சல்லடையானது.
சங்கிலியை அறுக்கக் கூடாது;
மேல்தோலில் மட்டும்
தண்ணீரைப் பிடிக்கச் சின்னக் கைகள்
முளைத்தால் போதும்.

பதினேழாவது மாதிரி.
ஊசிமுனையை விட்டு இறங்கிய துளி
கொஞ்சம் யோசித்தது,
பிறகு காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

முப்பத்தொன்று.

நாங்கள் கைகுலுக்கவில்லை.
ஹுய் ஷின் மத்தியானம் வாங்கி மறந்த பாவ்வைப்
பிய்த்துப் பாதி தந்தாள்,
கல்லாக இருந்தது, தின்றோம்.
முறியும் குணம் இன்னும் அப்படியேதான்.
அதற்கு வேறொரு மாதம், வேறொரு அமிலம்.

பாலத்தில் நல்ல மழை.
ஹெல்மெட் கண்ணாடியில் விழுந்த ஒவ்வொரு துளிக்கும்
கோணம் பார்த்தபடியே மோட்டாரில் போனேன்.
பின்னால் ஒரு லோரி
ஹார்னை அழுத்திக்கொண்டே வந்தது.