பத்தரை மணிப் படம்

காலை பத்தரைக்கு ஒன்று,
பகல் ஒன்றரைக்கு ஒன்று,
வன்னிக்கு மேலால் போகும். நின்று பார்க்காது.
பின்னேரம் நாலு மணிக்கு
பரந்தன் வெளியில் வைக்கோல் கொளுத்துகிறவர்களை
இரண்டுக்கும் தெரியாது.

அறிவியல்நகரில், இரண்டாம் மாடியில்
எனக்குத் தந்திருப்பது மூன்று பெட்டிகள்:
மேகம், புகை, தூசி.
பார்த்து, ஒன்றில் புள்ளடி இட வேண்டும்.
மேகத்துக்குப் பெரும்பாலும் நிழல் விழும்.
புகை தொடங்குமிடத்தில் ஒடுங்கியிருக்கும்,
போகப் போகத் தலைமுடி அவிழ்ந்த மாதிரி.
தூசிதான் கள்ளன்.
இந்த மண்ணின் நிறத்திலேயே இந்த மண்ணின் மேல் போகும்;
முல்லைத்தீவு தாண்டிக் கடலில் இறங்கின பிறகு
நீலத்தில் ஒரு பழுப்புக் கறையாகப் பிடிபடும்.

ஆடிச் சோளகம்.
ஒட்டுசுட்டான் பக்கம் வெளிறின கீற்று ஒன்று.
நான் புகை என்றேன். நிரல் தூசி என்றது.
பத்திநாதருக்கு அடித்தேன்.
முத்தையன்கட்டுக் குளத்து மீன் வாங்கி விற்கிறவர்,
எங்கள் அறிக்கையில் 'தரைச் சாட்சி இலக்கம் நான்கு'.
"புகையோ அண்ணை, தூசியோ?"
"பொறு பிள்ளை, மணந்து சொல்லுறன்."
மோட்டார்சைக்கிள் நிற்கிற சத்தம். இருமல்.
"ரண்டும்தான். கிறவல் ரிப்பர் வரிசையாப் போகுது,
அங்காலை ஆரோ காடு வெட்டி எரிக்கிறான்.
பச்சை வீரை. கண் எரியுது.
அதுசரி, மழை வருமோ?
யப்பான் மீன் கருவாடு காயுது."

எழுநூறு கிலோமீற்றர் உயரத்தில் மூக்கு இல்லை.
என் பெட்டிகளில் 'இரண்டும்' இல்லை.
புகையில் இட்டுவிட்டு
வீரை என்று எழுத ஓர் இடம் தேடினேன்,
கொஞ்ச நேரம்.

நிரலைப் பழக்கப் பழைய படங்களும் வேண்டுமாம்.
துஷாந்தினி பிரித்த பட்டியலில்
எனக்கு விழுந்தது இரண்டாயிரத்தொன்பது,
மாசி முதல் வைகாசி வரை.
மாற்றித் தரவா என்று கேட்டாள்.
பரவாயில்லை என்றேன்,
தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்டால்
சொல்கிற மாதிரி.

ஒரு சதுரம் இருநூற்றைம்பது மீற்றர்.
அதற்குள் எத்தனை தறப்பாள் கொள்ளும் என்று
இந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியும்.
கடலுக்கும் களப்புக்கும் நடுவில்
அந்தச் சதுரத்தைக் கண்டுபிடிக்க
அதிக நேரம் எடுக்கவில்லை.
பெருப்பித்தேன். பெருக்கப் பெருக்க
ஒரே சாம்பல் நிறம், பிறகு
சாம்பல் நிறக் கட்டைகள்.
ஒன்பது வயது, ஈரத் துணி,
அதை என் மூக்கில் அழுத்தின அம்மாவின் கை,
ஒன்றும் இல்லை.
நேரம் மட்டும் சரி. பத்தரை.

நிரல் முந்திக்கொண்டு விடை வைத்திருந்தது:
மேகம், தொண்ணூற்றிரண்டு வீதம்.

நிழலைத் தேடினேன், முறைப்படி.
கடலில் இல்லை. மணலில் இல்லை.
ஒடுங்கின முனை இருந்தது.
ஒன்றல்ல. எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
புள்ளடியை மாற்றினேன்.
காரணம்? என்று கேட்டது, நாற்பது எழுத்துக்குள்.
'நிழல் இல்லை' என்று அடித்தேன்.
மிச்ச எழுத்துகளுக்கு
கர்சர் மினுங்கிக்கொண்டே நின்றது.

அடுத்த நாளின் படம் இறங்கத் தொடங்கியபோது
பத்திநாதர் திரும்ப எடுத்தார்.
"பிள்ளை, நீ மழையைச் சொல்லேல்லை.
தூசிக்கு மூடி வைச்சிருக்கிறன், திறக்கட்டோ?"

மேகம் இல்லை அண்ணை, என்றேன்.
என் குரலில் என்ன கேட்டதோ,
கொஞ்சம் பொறுத்து,
"அப்ப சரி" என்றார்.