வைரக்கண்ணு: வந்தான்

மண்டாய் சாலை பன்னிரண்டாம் கல்லில் இறங்கி
ரப்பர் மரங்களுக்குள்ளே இரண்டு மைல் சைக்கிள்.
சங்கிலி கழன்ற நாளில்
பள்ளிக்கு முதல் தாமதம் நான்தான்.

ஐந்து வகுப்பு. ஓர் அறை. ஒரு கரும்பலகை.
நடுவே கோடு கிழித்து
இந்தப் பக்கம் கழித்தல், அந்தப் பக்கம் உயிர்மெய்.
ஐந்தாம் வகுப்புக்குப் பலகையில் இடமில்லை.
அதில் இருப்பவள் அமிர்தவல்லி ஒருத்தி;
அவள் கணக்கு சிகரெட் அட்டையின் பின்புறத்தில்.

மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை,
பிள்ளைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள்.
தகரக் கூரை அன்றைக்குத்தான் பேசும்.
நான் வாயசைப்பேன்,
உதட்டைப் பார்த்துத் திருப்பிச் சொல்வார்கள்.
ல, ள, ழ மூன்றும்
உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

வெயிலடித்தால்
என் குரல் சுவரில் பட்டுத் திரும்பும்.
பாதிப் பேர் மங்கு கழுவக் காட்டுக்குள்.

மதராஸிலிருந்து வந்த புத்தகத்தில்
மூன்றாம் பாடம், கோடை விடுமுறை.
"கோடைன்னா எப்ப சார்?"
போன வாரம் வந்துவிட்டுப் போனது என்றேன்.

"இருபதுக்குக் கீழே போனா மூடிருவாங்க, வாத்தியாரே."
சம்பள உறையை நீட்டியபடி கிராணி சொன்னார்.
உறையில் பத்து வெள்ளி குறைந்தது.
பதிவேட்டில் ஒரு தலை குறைந்தது.
பத்து வெள்ளியைப் பற்றி நான் கேட்கவில்லை.

வைரக்கண்ணு, இரண்டாம் வகுப்பு, வயது பதினொன்று.
மார்ச்சிலேயே நின்றுவிட்டான்.
செம்பவாங் தளத்தில்
சிப்பாய்களின் சப்பாத்துக்குப் பாலிஷ் போடுகிறான்.
நீல மையில் எழுதினேன்: வந்தான்.
மறுநாளும் வந்தான். ஏப்ரல் முழுக்க வந்தான்.
யாரும் நம்பமாட்டார்களே என்று
ஜூலையில் அவனுக்கு அம்மை போட்டு
நான்கு நாள் விடுப்பும் கொடுத்தேன்.
இன்ஸ்பெக்டர் வந்தார், எண்ணினார்,
மேசை விளிம்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப்
பேருந்துக்கு நேரமாயிற்றென்று போனார்.

நவம்பரில் வாசலில் ஒரு பையன்.
தலையில் தண்ணீர் தொட்டு வாரிய வகிடு,
நகக்கண்ணில் கறுப்பு.
"சான்றிதழ் ஒண்ணு வேணும் சார்.
நிரந்தரமா எடுக்குறாங்களாம், ரெண்டாங்கிளாஸ் போதுமாம்."

எழுதினேன். என்ன செய்ய,
பதிவேடு சொன்னதைத்தானே எழுத முடியும்.
"படிச்சுக் காட்டுங்க சார்."
படித்தேன்.
ஒழுங்காக வருகை தந்தவன்.
இரண்டாம் வகுப்பு தேறியவன்.
வேலை நாள் இருநூற்று ஆறில்
விடுப்பு நான்கு மட்டும்.

கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அந்த நாலு நாளும் எங்க சார் போயிருந்தேன்?"

பின்னால் யாரோ நாலாம் வாய்ப்பாட்டில்
ஏழில் தடுக்கி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.

பெற்றுக்கொண்டேன் என்று கீழே கையெழுத்துப் போட
பேனாவை நீட்டினேன்.
அவன் சட்டையில்
பெருவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.