புருவ முடி

செக்காலை ரோட்டில் நூலால் புருவம் திருத்துகிற
ஜெயசீலி அக்காவிடம்
உதிர்ந்த முடியைக் கேட்டு, தாளில் மடித்து வாங்குகிறேன்.
"செய்வினைக்கா?" என்றாள் முதல் தடவை.
புழுவைத் தடவ என்றேன்.
அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்பதில்லை.

பல்குச்சி நுனியில் ஒரு முடி, ஒரு பொட்டுப் பசை.
என் கருவி இதுதான்.
ஆய்வுக்கூடத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் டெண்டர் உண்டு.

புழு ஒரு மில்லிமீட்டர். கண்ணாடி உடம்பு.
இதன் முன்னோர் பிரிஸ்டல் பக்கம் காளான் உரத்தில் நெளிந்தவர்கள்.
இது காரைக்குடியில், இருபது டிகிரிப் பெட்டிக்குள்,
வெளியே சித்திரை வந்துவிட்டது தெரியாமல்
பாக்டீரியா மேய்கிறது.

மார்கழியில் ஊசி போடத் தொடங்கினேன்.
எண்ணெய்த் துளிக்கடியில் ஒட்டிக் கிடக்கும் புழு
காய்ந்து சாவதற்குள்
சூலகத்துக்குள் முனை இறங்க வேண்டும்.
வெட்டுகிற புரதம், அதற்கு வழி சொல்லும் ஆர்.என்.ஏ.,
அடையாளத்துக்கு, உடம்பைக் குட்டையாக்குகிற இன்னொன்று.
நாற்பத்தொன்று செத்தன.
ஊசி அடைத்துக்கொண்ட நாட்களில்
கேண்டீனில் யாரோடும் பேசாமல் சாப்பிட்டேன்.

தை பிறந்து ஒரு தட்டில்
குட்டையும் உருளலுமாய்ப் பிள்ளைகள்.
ஆளுக்கொரு தட்டில் குடிவைத்தேன். எண்பது வீடு.
ஒன்றே ஒன்றில், ஜெல்லில், பழைய கோட்டுக்குக் கீழே
இன்னொரு கோடு.
இருநூற்றுப் பதினோரு எழுத்து காணோம்.
பேரப்பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு
இரண்டு பிரதியிலும் காணோம்.
"நாக்அவுட்!" என்று கத்தினாள் சபுரா.
குத்துச்சண்டை நடுவராட்டம் மேசையைத் தட்டித் தட்டி
பத்து வரை எண்ணினாள்.

இன்று சோதனை.
தட்டுகளில் எண் மட்டும்;
எது எதுவென்று அவளுக்குத்தான் தெரியும்.
தலைப்பக்கம், வால்பக்கம், மாற்றி மாற்றிப் பத்துத் தடவல்.

மூன்றாம் தட்டு:
பந்தியில் பக்கத்து இலைக்காரர் முழங்கை பட்டதுபோல
சட்டென்று ஒதுங்குகிறது.

ஐந்தாம் தட்டு:
முடி கழுத்தில் படிகிறது. அது பாட்டுக்குப் போகிறது.
மறுபடி.
அது பாட்டுக்கு.
பத்துக்குப் பூஜ்யம் என்று எழுதினேன்.
சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன், ரொம்பவே.

பிறகு முறைப்படி பிளாட்டினக் கம்பியால் இடித்தேன்.
துள்ளித் திரும்பியது.

தடவினால் தெரியாது, இடித்தால் தெரியும்:
இதை எப்படி ஆய்வு நடையில் எழுதுவது என்று
பேனாவை வைத்துக்கொண்டிருந்தபோது
வெளியே ஜல்லி லாரி ஒன்று போனது.
மேசை லேசாக அதிர்ந்தது.
மூன்றாம் தட்டில் எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள்.
ஐந்தில், முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒன்று
அந்த முட்டையை இட்டு முடித்தது.