சத்தம் சேர்ப்பவன்

பழைய டேப்புகளில்
கடற்காற்று மட்டுமே பதிவாகியிருந்தது.
காசிமேட்டு ஏலக்கூடத்தின் ஈரச் சிமெண்டில்
ஸ்கேட்போர்டு ஏறி ஊமையாய்ப் பறக்கிறாள் தெக்லா,
பதினாறு வயது, ஒற்றைச் செருப்பு.

சக்கரத்துக்கு
வடபழனி ஸ்டுடியோ வராந்தாவில்
மாமனாரின் சூட்கேஸை உருட்டினேன்.
விழுவதற்கு நனைந்த கோணி.
எலும்புக்கு முருங்கைக்காய்.

ஆவணப்படம் போட்டுக் காட்டிய இரவு
மடங்காத முழங்காலோடு வந்து நின்றாள்.
"சக்கரம் சரி.
கால் ஒடைஞ்சதுகூட அதே சத்தம்தான்.
ஆனா சும்மாவா வுழுந்தேன்?
தரையில படறதுக்குள்ள
ஒரு வசவு முடிச்சிருப்பேன்."

மறுநாள் மைக்கைத் திறந்து வைத்தேன்.
திரையில் அந்தப் பெண் சரிய,
நாற்பத்தெட்டு வயதில்
எச்சில் தெறிக்கத் திட்டினாள் தெக்லா.
ஒரே டேக்.

தணிக்கைக்குப் போகும்போது
பார்த்துக்கொள்ளலாம்.